வானின்று இறங்கிய குரல்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என இசைக்கருவிகளை ஐந்தாக வகுப்பது பழைய மரபு. இவற்றுள் முதல் நான்கும் கைத்தொழில் வல்லாரால் செய்யப்படுவன. நல்ல வீணையும் குழலும் செய்தவன் மறைந்த பின்னரும் நிலைத்திருக்கும். ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறும். பழுதுற்றால் செப்பம் செய்யவும் இயலும். மிடறு அத்தகையது அன்று. அஃது உடலோடு பிறந்து, உடலோடு வளர்ந்து, உடலோடு மறைவது. விற்கவும் வாங்கவும் இயலாதது; பேழையில் வைத்துப் பூட்டவும் இயலாதது. ஒரு நாள் காய்ச்சலும், ஓர் இரவு உறக்கமின்மையும், உள்ளத்தை அழுத்தும் ஒரு பெருந்துயரும் அதனைத் தாக்கும். இத்துணை நொய்ய கருவி ஒன்றைக் கொண்டு ஒரு நாட்டின் உள்ளத்தில் அழியா இடம் பெறுதல் எளிதன்று. அவ்வரிய செயலைச் செய்து முடித்தவருள் ஒருவர், இத்தாலி நாட்டுப் பாடகியாராகிய ரெனாட்டா தெபால்டி.

இத்தாலி இசைநாடகத்தின் தாயகம். ஓபரா என மேலைநாட்டார் வழங்கும் அக்கலை, கி. பி. 1600 ஆம் ஆண்டை ஒட்டிப் பிளாரன்சு நகரில் தோன்றியது. அதில் அரசனும் ஆண்டியும், காதலனும் பகைவனும் தம் உள்ளக் கருத்தைப் பாட்டாகவே வெளியிடுவர். ரோசினி, வெர்தி, பூச்சினி முதலிய இசைப்புலவர்கள் இயற்றிய நாடகங்கள் அந்நாட்டு மக்களின் பொதுச் செல்வம். அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமலே பாடுதல் இக்கலையின் மரபு. மேடைக்கு முன்னே பல்வகை இசைக்கருவியாளர் பெருங்குழுவாய் அமர்ந்து முழக்குவர்; எதிரே ஆயிரக்கணக்கானோர் மாடம் மாடமாக அமர்ந்திருப்பர். ஒற்றை மனிதக் குரல் அம்முழக்கத்தைக் கடந்து சென்று, கடைசி மாடத்தில் நிற்பவன் செவியையும் எட்டவேண்டும். உரத்துக் கூவினால் இனிமை கெடும். மென்மையாகப் பாடினால் செவியை எட்டாது போகும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய வழியே இக்கலைஞர் நடக்கும் வழி.

ரெனாட்டா 1922 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் முதல் நாள் பெசாரோ என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். ரோசினி பிறந்ததும் அந்நகரமே. ரெனாட்டாவின் தந்தையார் செல்லோ என்னும் பெரிய நரம்புக்கருவியை வாசிப்பவர். ஆயினும் குழந்தைக்குத் தந்தையின் அரவணைப்பு வாய்க்கவில்லை. பெற்றோர் பிரிந்தனர். தாயார் ஜியுசெப்பினா தம் ஒரே மகளுடன் பார்மா நகருக்குத் தெற்கே மலைச்சாரலில் உள்ள லாங்கிரானோ என்னும் சிற்றூரில், தம் பிறந்தகத்தாரோடு வாழலானார். தந்தையும் தாயுமாக இருந்து மகளைப் பேணும் கடமை அவ்வம்மையார் மீது விழுந்தது. அக்கடமையை அவர் தம் இறுதி நாள் வரை விடவில்லை.

குழந்தைக்கு மூன்று வயது நிரம்பிய காலத்தே இளம்பிள்ளை வாதம் என்னும் கொடுநோய் வந்து பற்றியது. அந்நோயைத் தடுக்கும் மருந்து கண்டறியப்படாத காலம் அது. நோய் தாக்கிய குழந்தைகள் பலர் வாழ்நாள் முழுதும் நடக்க இயலாதவராயினர். ரெனாட்டாவின் இடுப்புப் பகுதியை நோய் தாக்கியது. ஆண்டுக்கணக்கில் மருத்துவம் நடைபெற்றது. தாயின் பொறுமையும் மருத்துவர் திறமும் பயனளித்தன; குழந்தை மீண்டும் எழுந்து நடந்தது. ஆயினும் மற்றச் சிறுவர் சிறுமியரோடு ஓடியாடும் இன்பம் கிட்டவில்லை. விளையாட்டுத் திடல் மறுத்ததை இசை ஈந்தது. பியானோவின் முன் அமர்ந்த அச்சிறுமிக்கு, கால்களின் துணையின்றியே செல்லக்கூடிய ஓர் உலகம் திறந்தது.

பியானோக் கலைஞராதலே முதலில் அவர் கொண்ட நோக்கம். பார்மா இசைக்கல்லூரியில் பயின்றபொழுதுதான் அவர்தம் குரலின் வளம் ஆசிரியர்க்குப் புலனாயிற்று. பின்னர் ஒருகால் பெசாரோவில் உள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தார். அந்நகர இசைக்கல்லூரியில் கார்மென் மெலிஸ் என்னும் புகழ்பெற்ற பாடகியார் அக்காலத்தில் ஆசிரியராக இருந்தார். இளம்பெண்ணின் பாட்டைக் கேட்ட அவர், கேட்ட அளவிலேயே அவரை மாணவியாக ஏற்க முன்வந்தார். மண்ணில் புதைந்த மணியை மணியென அறிய ஒரு கண் வேண்டும். அக்கண் மெலிஸ் அம்மையாரிடம் இருந்தது.

மெலிஸ், பூச்சினி முதலியோரின் நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றவர். குரலை வளர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. மேடையில் நிற்பதும் நடப்பதும், ஒரு சொல்லின் பொருளை முகத்தில் காட்டுவதும் அவரிடம் கற்க வேண்டியவையாயின. இத்தாலியப் பாட்டு முறையில் மூச்சே அடிப்படை. ஒலி மூச்சின் மேல் மிதந்து செல்லவேண்டும். தொண்டை இறுகுதல் கூடாது. ஒரு சுரத்தினின்று மற்றொரு சுரத்திற்கு இழை அறாமல் செல்லவேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பயிற்சி நாள்தோறும் இடைவிடாது செய்தற்குரியது. இளமையிலே நோயோடு போராடிப் பொறுமை பழகிய ரெனாட்டாவுக்கு, இப்பயிற்சியின் கடுமை சோர்வு தரவில்லை.

1944 ஆம் ஆண்டில் ரோவிகோ என்னும் ஊரில் அவர் முதன்முதல் மேடை ஏறினார். போயிட்டோ இயற்றிய மெபிஸ்டோபெலே என்னும் நாடகத்தில் எலேனா என்னும் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டு இத்தாலிக்கு இருண்ட ஆண்டு. இரண்டாம் உலகப் போர் அந்நாட்டின் நிலத்திலேயே நடந்துகொண்டிருந்தது. வடபகுதி செருமானியப் படைகளின் பிடியில் இருந்தது. பாலங்களும் இருப்புப் பாதைகளும் குண்டுகளுக்கு இரையாயின. ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குச் செல்வதே உயிருக்கு இடர் தருவதாயிருந்த காலத்தில், இருபத்திரண்டு வயது நங்கை ஒருத்தி பாடச் சென்றாள். அவளது பாட்டைக் கேட்கவும் மக்கள் வந்து கூடினர். வயிற்றுக்கு உணவு அரிதாகிய காலத்திலும் உள்ளம் தனக்குரிய உணவை நாடுகின்றது என்பதற்கு இது சான்று.

போரின் கொடுமை இத்தாலியக் கலையின் நெஞ்சையே தாக்கியிருந்தது. மிலான் நகரில் 1778 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற லா ஸ்காலா என்னும் இசைநாடக அரங்கு உலகப் புகழ் வாய்ந்தது. வெர்தியின் நாடகங்கள் பல முதன்முதல் அரங்கேறிய இடம் அது. 1943 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மிலான் நகர்மீது வீழ்ந்த குண்டுகள் அவ்வரங்கையும் சிதைத்தன. கூரை வீழ்ந்தது, மாடங்கள் சரிந்தன. பாட்டு முழங்கிய கூடத்தில் செங்கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன.

போர் முடிந்தது. வீடுகள் இடிந்தன, உணவுப் பொருள் கிடைப்பது அரிதாயிற்று, தொழில்கள் நின்றன. அந்நிலையில், எதனை முதலில் கட்டுவது என்ற கேள்வி எழுதல் இயல்பே. மிலான் மக்கள் வீடுகளையும் பாலங்களையும் கட்டினர். அவற்றோடு லா ஸ்காலாவையும் கட்டினர். பாட்டு அரங்கைச் செல்வரின் பொழுதுபோக்கு மண்டபம் என்று அவர்கள் கருதவில்லை. தம் நகரின் உயிர்நிலை எனக் கருதினர். இடிந்த அரங்கம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்து, 1946 ஆம் ஆண்டு மே மாதத்தில் திறப்புக்கு அணியமாயிற்று. திறப்பு விழாவில் இசைக்குழுவை நடத்தும் பொறுப்பை ஏற்க ஆர்த்துரோ டோஸ்கனினி அழைக்கப்பட்டார்.

டோஸ்கனினி பார்மாவில் பிறந்தவர். அவருக்கு அப்பொழுது எழுபத்தொன்பது வயது. இசைக்குழுவை நடத்துவதில் அவருக்கு இணையானவர் மிகச் சிலரே. அவர் கலையில் எத்துணை உறுதியுடையவரோ, அறத்திலும் அத்துணை உறுதியுடையவர். முசோலினியின் கட்சிப் பாட்டை இசைக்க மறுத்தமைக்காக 1931 ஆம் ஆண்டில் பொலோனியா நகரில் அவர் அடிக்கப்பட்டார். அடிக்குப் பணியாத அப்பெரியார், கொடுங்கோல் ஆட்சி நிலவும் வரை தாய்நாட்டில் இசைக்குழுவை நடத்துவதில்லை என்று விலகி நின்றார், அமெரிக்காவில் வாழ்ந்தார். லா ஸ்காலாவின் பாடற்குழு ஆசிரியராக விளங்கிய வித்தோரே வெனெசியானி, யூதர் என்னும் ஒரே காரணத்தால் 1938 ஆம் ஆண்டின் இனவெறிச் சட்டங்களின்படி பதவியிழந்தவர். அவரும் தம் பதவிக்கு மீண்டார். இவ்வாறு, அன்று திறக்கப்பட்டது ஒரு கட்டடம் மட்டும் அன்று. அடைபட்டிருந்த உரிமையும் திறக்கப்பட்டது.

திறப்பு விழாவிற்கு இளங்குரல் ஒன்றைத் தேடினார் டோஸ்கனினி. பலரும் வந்து அவர் முன் பாடினர். ரெனாட்டாவும் வந்தார். வெர்தியின் ஒத்தெல்லோ நாடகத்தில் தெஸ்தெமோனா என்னும் பேதைப்பெண் தன் இறுதி இரவில் பாடும் பகுதியை அவர் பாடினார். குறை கண்டால் பொறாது சீறும் இயல்பினர் டோஸ்கனினி. அவர் முன் நின்று பாட முதிர்ந்த கலைஞரும் அஞ்சுவர். அவர் ரெனாட்டாவின் பாட்டை உவந்து ஏற்றார். புகழ் அறியாத இருபத்து நான்கு வயதுப் பாடகி அவ்விழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

1946 மே 11. அரங்கம் நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் பெறாத மக்கள் வெளியே தெருக்களிலும் திடல்களிலும் கூடி நின்று ஒலிபெருக்கி வழியாகக் கேட்டனர். ரோசினி, வெர்தி, பூச்சினி, போயிட்டோ ஆகிய இத்தாலியர் நால்வரின் இசையே அன்று இடம் பெற்றது. சிறைப்பட்ட மக்கள் தம் நாட்டை நினைந்து பாடும் பாடல் ஒலித்தது. அடிமைத்தளையினின்று தப்பிவந்து கடலின் முன் நிற்கும் மக்களுடன் மோசே இறைவனை வேண்டும் பாடல் ஒலித்தது. அதில் ரெனாட்டா பங்கு கொண்டார். கேட்டு நின்றவர்க்கு அவை பழங்கதைகளாகத் தோன்றியிரா. தம் கதையாகவே தோன்றியிருக்கும்.

வெர்தி தம் முதுமையில் இயற்றிய தெய்வப் பாடல்களுள் ஒன்று, தெ தேயும் என்னும் இலத்தீன் துதி. இரு பெரும் பாடற்குழுக்கள் அதனைப் பாடுகின்றன. முடிவை நெருங்குங்கால் ஒரே ஒரு பெண்குரல் தனித்து எழுந்து நம்பிக்கையைக் கூறுகின்றது. சில நொடிகளே நீடிக்கும் பகுதி அது. அதனைப் பாடும் பொறுப்பும் ரெனாட்டாவுக்கே வாய்த்தது. அக்குரல் மேடையினின்று வருவதுபோல் தோன்றாமல் வானினின்று இறங்குவது போல் ஒலிக்கவேண்டும் என டோஸ்கனினி விரும்பினார். ஆதலின் பாடற்குழுவினரிடையே உயர்ந்ததோர் இடத்தில் ரெனாட்டா நிறுத்தப்பட்டார். அவர் பாடினார். தேவதையின் குரல் என்னும் பெயர் அன்று தொடங்கி அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. டோஸ்கனினி அப்பெயரைப் பாடகிக்குச் சூட்டினாரா, பாட்டுக்குச் சூட்டினாரா என்று பின்னாளில் பலர் வினவினர். பாட்டின் தன்மையைக் குறித்தே அவர் அவ்வாறு கூறினார் என ரெனாட்டாவே அடக்கத்துடன் விளக்கியதுண்டு. தமக்கு வந்த பெரும்பட்டத்தைத் தாமே குறைத்துக் கூறும் பண்பு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

அதன் பின்னர் அவர்தம் புகழ் நாடு கடந்து பரவிற்று. 1950 ஆம் ஆண்டில் லா ஸ்காலாவில் வெர்தியின் அய்தா நாடகத்தில் தலைமைப் பாத்திரமேற்றார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலும் அதே பாத்திரத்தில் தோன்றினார். 1953 ஆம் ஆண்டு அய்தா நாடகம் திரைப்படமாக வந்தபொழுது, திரையில் நடித்தவர் சோபியா லாரென். பாடிய குரல் ரெனாட்டாவினது. 1955 ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அரங்கில் தெஸ்தெமோனாவாக முதன்முதல் பாடினார். அன்று முதல் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் அவ்வரங்கம் அவருக்கு மற்றொரு தாயகம் ஆயிற்று.

அவருடைய பாட்டின் சிறப்பு யாது? விரைந்த சுரக் கோவைகளை அள்ளி வீசி வியப்பூட்டுவதை அவர் நாடவில்லை. நெடிய இசைத்தொடர் ஒன்றை, ஆற்றொழுக்குப் போல, இடையறாது நடத்திச் செல்வதே அவரது வழி. பெரிய முழக்கத்தின் மேல் எழுந்து ஒலிக்கவல்ல அக்குரலே, அடுத்த கணத்தில் நூலிழைபோல் மெலிந்து, மெலிந்தும் தேய்ந்து போகாமல், அரங்கின் கோடி வரை சென்று சேரும். அக்குரலின் நிறம் வெம்மையும் ஒளியும் கலந்தது. இயல்பிலே அமைதியும் புன்முறுவலும் உடையவர். எனினும் தமக்கு ஒவ்வாத பாத்திரத்தை ஏற்க எவர் வேண்டினும் இசையார். மெட்ரோபாலிட்டன் அரங்கின் தலைவராக இருந்த ருடால்பு பிங், அவருடைய கன்னக்குழிகள் இரும்பாலானவை என்று நகைச்சுவையாக எழுதினார். இன்முகத்தின் பின்னே இருந்த உறுதியை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இக்காலத்திலேதான் அவர் விரும்பாத ஒரு போர் அவரைச் சூழ்ந்தது. மரியா காலாஸ் என்பார் 1923 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவரும் அக்காலத்தில் இத்தாலி மேடைகளில் ஒளிவிட்ட பெரும்பாடகியார். ரெனாட்டா குரலின் அழகால் உள்ளத்தை உருக்கினார். காலாஸ் நடிப்பின் வேகத்தால் உள்ளத்தை உலுக்கினார். இருவர் பாதையும் வேறு. இருவர் ஆற்றலும் வேறு. ஆயினும் சுவைஞர் இரு கட்சியாகப் பிரிந்தனர். ஒருவரைப் புகழ்வதற்கு மற்றொருவரை இகழ்தல் வேண்டும் எனக் கருதினர். இதழ்கள் அத்தீயில் நெய் வார்த்தன. இருவரும் சொன்னவை சிலவும், சொன்னதாகக் கூறப்பட்டவை பலவும் அச்சேறின. மல்லிகையை விரும்புவோன் தாமரையைப் பிய்த்து எறிதல் வேண்டுமோ? கலையுலகில் இத்தகைய கட்சிகள் தோன்றுங்கால், கலைஞர் புண்படுகின்றனர். கலையின்பம் பாதியாகக் குறைகின்றது.

காலாஸின் ஆட்சி லா ஸ்காலாவில் ஓங்கியபொழுது, ரெனாட்டா அவ்வரங்கினின்று மெல்ல விலகினார். பூசலை வளர்ப்பதினும் பாட்டை வளர்ப்பது மேல் என்று நியூயார்க்கைத் தம் இடமாகக் கொண்டார். 1959 ஆம் ஆண்டில் பூச்சினியின் தோஸ்கா நாடகத்தோடு லா ஸ்காலாவுக்கு மீண்டார். பாடுதற்கு வேறிடம் தேடிச் செல்லும் துணிவும், அழைத்த காலத்தில் மீண்டு வரும் பெருந்தன்மையும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

இதற்கிடையே, 1957 ஆம் ஆண்டின் இறுதியில் தாயார் ஜியுசெப்பினா காலமானார். ஊர்தோறும் நாடுதோறும் மகளோடு உடன் சென்று, உணவும் உடையும் உறக்கமும் பார்த்துப் பேணியவர் அவர். ரெனாட்டா மணம் புரிந்துகொள்ளவில்லை. அவருக்கிருந்த குடும்பம் தாய் ஒருவரே. மேடைப் பணிகளை நிறுத்திவிட்டுத் தாயின் உடலோடு தாயகம் சென்று, லாங்கிரானோவை அடுத்த மத்தலேத்தோவில் அடக்கம் செய்தார். பின்னர் மீண்டும் பாட வந்தார். துயரம் பாட்டை அடைத்துவிடவும் கூடும், ஆழப்படுத்தவும் கூடும். அவர் பாட்டை விடவில்லை.

மற்றொரு சோதனை 1963 ஆம் ஆண்டில் வந்தது. இத்துணை ஆண்டும் ஏவல் கேட்ட குரல் அவருக்கு அடங்க மறுத்தது. மேல் சுரங்களில் தளர்ச்சி தோன்றியது. நாற்பது வயது கடந்தவர். உலகப் புகழ் பெற்றவர். இனி ஓய்வு கொண்டாலும் எவரும் குறை கூறார். குறையை மறைத்துப் பாடிக் காலங்கழிப்பவரும் உலகில் உண்டு. ரெனாட்டா இவ்விரண்டையும் செய்யவில்லை. மேடையை விட்டு விலகினார். மாணவியைப் போல மீண்டும் பயிற்சியில் அமர்ந்தார். ஓராண்டளவு பொதுமேடையில் தோன்றாதிருந்து, 1964 ஆம் ஆண்டில் மெட்ரோபாலிட்டன் அரங்கில் பூச்சினியின் லா போயேம் நாடகத்தில் மிமி என்னும் ஏழைத் தையற்பெண்ணாக மீண்டும் தோன்றினார். குரலின் பழைய இளமை முழுதும் திரும்பவில்லை. அதற்கு ஈடாக நடிப்பில் புதிய ஆற்றல் சேர்ந்தது. கற்றவர் கற்றதோடு நில்லாமல் மறுபடியும் கற்கத் தொடங்குவதைவிட அரிய துணிவு வேறொன்று இல்லை. இளமையில் கால்களை மீட்டவர், முதுமையின் வாயிலில் குரலை மீட்டார்.

1968 செப்டம்பர் 16 அன்று மெட்ரோபாலிட்டன் அரங்கின் புதிய ஆண்டுத் தொடக்க விழா. சிலேயா இயற்றிய அத்ரியானா லெகூவ்ரர் நாடகத்தில் ரெனாட்டா தலைமைப் பாத்திரமேற்றுப் பாடினார். பார்வையாளருள் மரியா காலாஸ் அமர்ந்திருந்தார். நாடகம் முடிந்தது. காலாஸ் மேடையின் பின்புறத்திற்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். ஆண்டுக்கணக்கில் அச்சுத்தாளில் வளர்க்கப்பட்ட பகை ஒரு தழுவலில் முடிந்தது. கட்சி கட்டிச் சண்டையிட்ட சுவைஞருக்கு அஃது ஒரு பாடம். பெரியோர் இருவர் கைகோத்த இடத்தில் சிறியோர் சினத்திற்கு இடமேது?

1973 ஜனவரியில் தாம் முதலில் பாடிய தெஸ்தெமோனாவையே மீண்டும் பாடி மெட்ரோபாலிட்டன் மேடையினின்று விடைபெற்றார். அவ்வரங்கில் அவர் பாடியவை ஏறத்தாழ 270 நிகழ்ச்சிகள். பின்னர்ச் சில ஆண்டுகள் தனிக் கச்சேரிகள் மட்டும் செய்தார். 1976 மே 6 அன்று இத்தாலியின் வடகிழக்கில் உள்ள பிரியூலிப் பகுதியைப் பெருநிலநடுக்கம் குலுக்கிற்று. ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். அத்துயருற்ற மக்களின் உதவிக்காக அம்மாதம் 23 ஆம் நாள் லா ஸ்காலாவில் ரெனாட்டா பாடினார். அதுவே அவர் பொதுமேடையில் பாடிய இறுதிக் கச்சேரி. இடிபாட்டினின்று எழுந்த அரங்கிலே ஒளிவிடத் தொடங்கிய குரல், இடிபாட்டில் தவித்த மக்களுக்காகப் பாடி, அதே அரங்கில் அமைந்தது.

அதன் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்; மேடை ஏறவில்லை. எப்பொழுது தொடங்குவது என்பதைப் பலர் அறிவர். எப்பொழுது நிறுத்துவது என்பதை அறிபவர் சிலரே. 2004 டிசம்பர் 19 அன்று சான் மரீனோவில், தம் எண்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். பழுதுபார்க்கும் பணிக்காக மூடப்பட்டிருந்த லா ஸ்காலா மீண்டும் திறக்கப்பெற்றுப் பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன. மத்தலேத்தோவில் உள்ள குடும்பக் கல்லறையில் அவர்தம் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

உடலோடு மறைவதே மிடற்றின் இயல்பு. எனினும் ரெனாட்டாவின் காலம் அவருக்கு ஒரு நற்பேற்றை வழங்கியது. 1948 ஆம் ஆண்டில் நெடுநேரம் ஓடும் புதுவகை இசைத்தட்டு வெளிவந்தது. அதனால் ஒரு முழு இசைநாடகத்தையும் சில தட்டுகளில் அடக்குதல் எளிதாயிற்று. டெக்கா நிறுவனத்தார் 1951 ஆம் ஆண்டு முதல் ரெனாட்டாவின் நாடகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்தனர். அரங்கையே கண்டறியாத இல்லங்களுக்கும் மிமியும் அய்தாவும் தோஸ்காவும் சென்றனர். 1959 ஆம் ஆண்டில் கார்லோ பெர்கோன்சியுடன் அவர் பதிவு செய்த லா போயேம் இன்றும் கேட்கப்படுகின்றது. 1987 ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்ஸ்டிரக் என்னும் அமெரிக்கத் திரைப்படத்திலும் அவ்விருவர் குரலும் ஒலித்தன. அரங்கில் அவர் பாடியதைக் கேட்டறியாத ஒரு தலைமுறை, அவர் பாட்டை நிறுத்திய பின்னர் அவரைக் கேட்டது.

வெர்தியின் ஊராகிய புசேத்தோவில், பல்லவிச்சினோ மாளிகையின் பழைய குதிரை இலாயத்தில், ரெனாட்டாவின் பெயரால் 2014 ஆம் ஆண்டில் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. சான் மரீனோவில் அவர் பெயரால் இளம்பாடகர்க்கான பன்னாட்டுப் போட்டி நடத்தப்பெற்றுள்ளது. இவற்றினும் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. இத்தாலியப் பாட்டைப் பயில்வோர், இசைத்தொடர் அறாது செல்வது எங்ஙனம், மென்குரல் மெலிந்தும் ஒலிப்பது எங்ஙனம் என அறிய விரும்பின் அவருடைய இசைத்தட்டுகளை நாடுகின்றனர். கருவி மறைந்தது, முறை மறையவில்லை. ஆசிரியை மெலிஸ் தந்ததை ரெனாட்டா பெற்றார்; ரெனாட்டா விட்டுச் சென்றதை முகமறியா மாணவர் பெறுகின்றனர்.

கலைஞர் வாழ்வைப் புகழ் கொண்டு அளப்பது உலக வழக்கு. ரெனாட்டா தெபால்டியின் வாழ்வை அவ்வளவையால் அளந்தாலும் அது குறைவின்றியே நிற்கும். ஆயினும் நினைவில் இருத்தற்குரியவை வேறு. நோய் வந்தது, பொறுமையால் வென்றார். பட்டம் வந்தது; அடக்கத்தால் அணிந்தார். பகை வந்தது, தழுவலால் முடித்தார். குரல் தளர்ந்தது, பயிற்சியால் மீட்டார். நாடு துயருற்ற இரு காலத்தும், தம்மிடம் இருந்த ஒரே செல்வத்தை நாட்டுக்கு ஈந்தார். இரு பெரும் பாடற்குழுக்களும் முழங்கி ஓய்ந்த பின்னர், மேலிடத்தே நின்று நம்பிக்கையைப் பாடியது ஒற்றைக் குரலே. அவ்வொற்றைக் குரலே அந்த இரவுக்கு அழியாப் பெயர் தந்தது.